அவளைப் பற்றி நீ சொன்ன ஒரே சொல்

கதிர்,

நீ என்னை எதற்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினாயோ, அந்தக் காரியத்தை நான் செய்யவில்லை. செய்யாதது மட்டுமில்லை, இருந்ததையும் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றுதான் நீ சொல்லுவாய். சொல்லிக்கொள். மத்தியானத்திலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் "பேசியாச்சா? சரின்னுட்டாளா?" என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி சரி, விஷயத்துக்கு வாம்மா" என்பாய். உன்னோடு போனில் பேசுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி. அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். திருப்பூருக்கு மெஷின் பார்க்கப் போன வேலையைச் செத்த நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்து படி. நிவேதாவிடம் நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதினால் மீதியை நீ படிக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. பத்திரிகை அச்சுக்குப் போக இருந்தது. இந்த நேரத்தில் நாம் பூ வைத்துவிட்டு வந்த பெண் "கொஞ்சம் நிறுத்துங்க, நான் யோசிக்கணும்" என்று போனில் சொன்னால் வீடு ஆடத்தான் செய்யும். உன் அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்பது அவர் கவலை. நீயோ கோபத்தில் குதித்தாய். "ஒரு மெயில் பாக்கச் சொன்னது ஒரு குத்தமா? நீ போய்ப் பேசிட்டு வா, நீ சொன்னா கேப்பா" என்றாய். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்பது உண்மைதான். அந்தப் பிள்ளைக்கு என்மேல் ஒரு பிரியம் இருக்கிறது. அதை நம்பித்தான் நீ அனுப்பினாய், அதுதான் எனக்கு உறுத்தியது. எந்தக் கதவை எந்தச் சாவி திறக்கும் என்று பார்த்து எடுக்கிற மாதிரி, என்னையும் எடுத்தாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பெண் பார்த்துவிட்டு வந்த அன்று? மடவார் வளாகத்தைத் தாண்டி கார் மெயின் ரோட்டில் ஏறியது. பின்னால் திரும்பி நான்தான் கேட்டேன், "பொண்ணு எப்படிப்பா இருக்கா? புடிச்சிருக்கா?" என்று. எந்தத் தாயும் கேட்கிற கேள்வி. நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப யூஸ்ஃபுல்லா இருப்பாம்மா" என்றாய். கோயம்புத்தூரில் ஏற்றுமதி கம்பெனியில் பேப்பர் வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள், இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருகிறது, நம் பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்ப இனி வெளியாள் தேட வேண்டாம் என்று அடுக்கினாய். உன் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "ரெண்டு ஆளு சம்பளம் மிச்சம்" என்றார். நானும் சிரித்தேன். புது மருமகள் வருகிறாள் என்கிற சந்தோஷத்தில் எந்தச் சொல்லும் காதில் இனிக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போது அந்தச் சொல் மட்டும் உள்ளே கிடந்து நெருடியது. பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லையே என்று அப்போதுதான் பட்டது.

அது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. நான் பத்தாவதோடு நின்றவள், ஆனாலும் அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும், உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நாலாம் வகுப்பில் பசு மாட்டைப் பற்றிக் கட்டுரை. 'தி கௌ இஸ் எ யூஸ்ஃபுல் அனிமல்' என்று தொடங்கும். அடுப்படியில் நான் தோசை சுட, நீ பலகையில் உட்கார்ந்து கத்திக் கத்திப் படிப்பாய். பால் தரும், சாணி தரும், தோல் தரும். அப்போது நம் பக்கத்து வீட்டில் ஒரு செவலை மாடு நின்றது. நீ பள்ளிக்கூடம் போகும்போது அதன் நெற்றியைத் தடவாமல் போக மாட்டாய். பால் வற்றி, அடுத்த சினையும் நிற்காமல் போகவே, ஒரு காலையில் அதை லாரியில் ஏற்றினார்கள். அடிமாட்டுக்கு. நீ தெருவில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து கேட்டாய்: "ஏம்மா, யூஸ்ஃபுல் அனிமல்னு சொன்ன, ஏன் ஏத்துதாங்க?" என்று. "இப்ப அது யூஸ்ஃபுல் இல்லல்லா" என்று நான் கரண்டியைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன். நீ அன்று தோசையைத் தொடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை. அந்தச் சொல்லுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்று ஒன்பது வயதில் உனக்குப் புரிந்திருந்தது கதிர். பொறவு எங்கே போய்த் தொலைத்தாய்?

ஒரு பொருளை அப்படிச் சொன்னால் தப்பே கிடையாது. மிக்ஸி யூஸ்ஃபுல், டார்ச்லைட் யூஸ்ஃபுல். தளவாய்புரத்து மாமா கொண்டுவந்து கொடுத்த ஏணி எம்புட்டு யூஸ்ஃபுல். ஒரு யோசனையைச் சொல்லலாம், ஒரு புத்தகத்தைச் சொல்லலாம். ஆளைச் சொல்லும்போதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் பேச்சில் 'ஒத்தாசை' என்று ஒன்று இருக்கிறது. அவள் ஒத்தாசையாக இருப்பாள் என்றால், கொடுக்கிறவள் அவள், அவளுக்கு மனசு இருந்தால் கொடுப்பாள், இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். யூஸ்ஃபுல் என்றால் எடுக்கிற கை மட்டும்தான் தெரிகிறது. எடுக்கப்படுகிறவளுக்கு அங்கே பேச்சே இல்லை. இதைச் சொன்னால், "சும்மா ஒரு வார்த்தைம்மா, அதப் போயி" என்பாய். வார்த்தையோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

நிற்கவில்லையே. பூ வைத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை வரைக்கும். அதற்குப் பிறகு ராகு காலம். அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள், பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவும் பழத் தட்டும் வரிசையாக. நான் பூச்சரத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து குவைத்திலிருந்து உனக்கு மெயில். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். தூத்துக்குடியில் கன்டெய்னர் நிற்கிறது, பேப்பரில் ஏதோ தப்பு, இன்றைக்கே திருத்தி அனுப்ப வேண்டும். நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாய். "நிவேதா, அஞ்சே நிமிஷம்" என்றாய். அந்தப் பிள்ளை பட்டுப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தது. பின்னிய சடை, பூவில்லாமல். வெளியே எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். நான் கையில் பூவோடு நிற்கிறேன். நாலரை ஆகிவிட்டது. ராகு காலத்தில் எப்படி வைப்பது? ஆறு மணி வரைக்கும் காபி கொடுத்தார்கள், காராச்சேவு கொடுத்தார்கள், பேச்சு வற்றிப்போய் எல்லாரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் விளக்கு வைக்கிற நேரத்தில் வாடிப்போன பூவை அவள் தலையில் வைத்தேன். அவள் அம்மா அன்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருக்கலாம். நீ வெளியே வந்து, "ஷிப்மென்ட் போயிரும்ப்பா, சூப்பரா முடிச்சுட்டா" என்று உன் அப்பாவிடம் சொன்னாய். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை.

அன்றைக்கே நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் நானும் அந்த வகையில் இந்த வீட்டுக்கு வந்தவள்தான். சேத்தூரிலிருந்து வந்து இறங்கிய மறுவாரமே பேண்டேஜுக்கான காஸ் துணி மடிக்க உட்கார்ந்தேன். என் கை வேகம். "கைக்கு உதவியான பிள்ள" என்று உன் அப்பத்தா தெருவெல்லாம் சொல்லுவார். எனக்குப் பெருமையாக இருக்கும், அந்தப் பெயர் போய்விடக் கூடாதே என்று இன்னும் வேகமாக மடிப்பேன். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது மீசை அரும்பிய வயசு. உன் அப்பத்தா துணிக்கட்டைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, "உக்காந்துகிட்டே செய்யிற வேலதான, பொழுதும் போகும்லா" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. தலையணையைச் சுவரில் சாத்தி உட்கார்ந்து மடித்தேன். தையல் இழுக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். நீ வாசலில் நின்று பார்த்தாய். ஒரு வீட்டில் பெண் என்றால் இப்படித்தான் என்று அன்றைக்கு உன் மனசில் எழுதிவிட்டார்களோ என்று இப்போது பயப்படுகிறேன். அந்தக் கட்டை நான் தரையில் தூக்கி எறிந்திருந்தால் நீ வேறு மாதிரி வளர்ந்திருப்பாயோ என்னமோ.

அதே வீட்டில்தான் இன்னொன்றும் நடந்தது, அதையும் நீ பார்த்தாய். உன் அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்த காலம். பேண்டேஜ் துணி நெய்கிற நம் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுவார். "ஒண்ணுக்கும் ஆகாதவனாப் போயிட்டேம்ட்டி" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். "நீங்க அங்கனயே கெடங்க. இருமிக்கிட்டாவது கெடங்க. வீட்டுக்குள்ள உங்க சத்தம் கேட்டா போதும் எனக்கு" என்று திட்டுவேன். பெட்பேன் எடுத்தேன், முதுகு துடைத்தேன், ஒரு நாளும் அவர் எனக்கு என்ன செய்தார் என்று தோன்றியதில்லை. அவர் எழுந்து நடக்க மாட்டாரோ என்றுதான் பயந்தேனே தவிர, வேலைக்குப் போக மாட்டாரோ என்று பயந்ததில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரிந்தால் இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்திவிடுவேன். புரியவில்லை என்பதால்தான் நீட்டுகிறேன்.

லீவில் ஊருக்கு வந்த இடத்தில் நிவேதாவுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் உன்னிடம் "போய்ப் பாத்துட்டு வாடா" என்றேன். "சாயங்காலம் போறேன்" என்றாய். சாயங்காலம் லோடு வந்தது. மறுநாள் பேங்க். அதற்கும் மறுநாள் போன் போட்டாய், எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கு?" என்றாய். அவள் என்ன சொன்னாளோ, பாதியில், "சரி, ரெஸ்ட் எடு. ஒரே ஒரு மெயில் மட்டும் போன்லயே பாத்து ரிப்ளை போட்டுரேன்" என்றாய். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது கதிர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். மாப்பிள்ளை வரவில்லை, மெயில் வந்தது. அவள் அதையும் பார்த்துப் பதில் போட்டிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பியதும் உன்னைக் கூப்பிட்டு, ஆவணி வேண்டாம், யோசிக்கணும் என்றாள்.

இன்றைக்குக் காலையில் புளி சேர்க்காமல் மிளகு ரசம் வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அவள் அப்பா. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அதிர்ந்து பேசாதவர். "வாங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டார்: "தங்கச்சி, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதிய. நாங்க பொண்ணு குடுக்கோமா, வேலைக்கு ஆள் அனுப்புதோமா?" அவள் அம்மா, "செத்த சும்மா இருங்க, வீடு தேடி வந்திருக்காவ" என்று அடக்கினார். அந்த மரியாதை அந்தக் கேள்வியைவிட அதிகமாகச் சுட்டது.

நிவேதா உள்ளே படுத்திருந்தாள். முகம் சுண்டி, உதடு வெடித்து, கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "படு தாயி" என்றேன். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள். நீ சொல்லச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவன் வேலைப் பளுவில் இருக்கிறான், குணம் தங்கம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. வாயைத் திறந்தேன். "அத்தை, நீங்க அவரு அனுப்பி வந்தீங்களா, நீங்களா வந்தீங்களா?" என்றாள்.

"அவன்தான் அனுப்பினான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வேலை செய்யிறது பிரச்சனை இல்ல அத்தை. அது எனக்குப் புடிச்ச வேலை. உங்க கம்பெனிய நல்லாக் கொண்டுவரணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே யோசிச்சேன். இந்தக் காய்ச்சல்ல எனக்குக் கண்ணு போயிருந்தா, கை வராமப் போயிருந்தா, அவரு வந்திருப்பாரா?" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னைப் பாத்துட்டுப் போன அன்னைக்கு, அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு அத்தை? உண்மையச் சொல்லுங்க."

கதிர், அந்த இடத்தில் ஒரு பொய் போதும். 'கண்ணு அழகா இருக்குன்னான்' என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் காத்திருந்தாள், அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆவணியில் மேளம் கொட்டியிருக்கும். உன் அப்பா இன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டிருப்பார். எனக்கும் மருமகள் வந்திருப்பாள். அவள் வாசலில் கோலம் போட, நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எம்புட்டு ஆசை எனக்கு, தெரியுமா உனக்கு? ஆனால் அந்தக் கையைப் பார்த்தேன், நீலம் பாய்ந்த கையை. தையல் இழுக்க இழுக்க மடித்த என் கை ஞாபகம் வந்தது. இந்தப் பிள்ளையையும் பொய் சொல்லிக் கட்டிலில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

"ரொம்ப யூஸ்ஃபுல்லா இருப்பான்னு சொன்னான் தாயி" என்றேன்.

சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அவள் அம்மா கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சியது கேட்டது. நிவேதா அழவில்லை. கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். சிரித்துவிட்டு, போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "வேற என்னமும் சொன்னாரா அத்தை?"

அதற்குத்தான் நான் நடுங்கிப்போனேன். யோசித்தேன். பெண் பார்த்த நாளிலிருந்து நேற்று வரைக்கும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். அவள் சிரிப்பைப் பற்றி, அவள் நடையைப் பற்றி, அவளுக்குப் புளி ஆகாது என்பதைப் பற்றி, அவள் குரல் கேட்க வேண்டும் போல இருக்கிறது என்று, எதையாவது ஒன்றை நீ சொல்லியிருப்பாய், எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜபாளையம் வந்து சேரும் வரைக்கும் அதையேதான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "அவன்ட்டயே கேட்டுச் சொல்லுதேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏலே கதிரு, நீ கெட்டவன் இல்லை. மாட்டுக்காக இரண்டு நாள் பேசாமல் கிடந்தவனைப் பெற்றவள் நான், என்னிடம் யாரும் வந்து சொல்ல வேண்டாம். உள்ளே ஏதாவது இருக்கும், சொல்லத் தெரியாமல் கிடக்கும் என்றுதான் இன்னமும் நம்புகிறேன். அப்படி ஒன்று இருந்தால் சனிக்கிழமை ஊருக்கு வருகிறவன் நேராக ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கு. லேப்டாப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசல்படி ஏறாதே. பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொண்டும் போகாதே, அவர்கள் ஊர்ப் பண்டத்தை அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுக்காதே. வெறும் கையோடு போ. அந்தப் பிள்ளை இன்னும் எழுந்து நடக்கவில்லை, அவளால் உனக்கு இப்போது ஒரு காரியமும் ஆகாது. அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்ட கேள்விக்கு நீயே பதில் சொல்.

உள்ளே தேடிப் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால், அவளை ஏமாற்றப் போகாதே. எனக்கு ஒரு போன் போடு. அந்தத் தலையில் பூ வைத்த கை என்னுடையது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அந்த வாசலில் நின்று சொல்ல வேண்டியவளும் நான்தான். சொல்லிவிட்டு வருகிறேன்.

அம்மா